கடையில் ஏமாந்தால் எங்கே போவது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் வாசிகசாலையில் இருந்து, முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். உப்புவெளி, பாலையூற்று, சில வேளை மூதூரிலிருந்து பஸ் ஏறியும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கீழே "சட்டம்" என்று மொட்டையாகச் சொல்லும் இடங்களில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தையே சொல்கிறேன். "நுகர்வோர் அதிகார சபை" என்று ஊரில் சொல்வதும் இதே சபையைத்தான்.

பில் கேட்டால் "சின்னச் சாமானுக்கு எதுக்குத் துண்டு?" என்கிறார்கள். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. திகதி, என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மெஷினில் அடித்த பில்தான் வேண்டும் என்றில்லை. கொப்பித் தாளில் கையால் எழுதி, கடையின் முத்திரை குத்தித் தந்தாலும் போதும்.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. அம்மாவுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கினேன். இரண்டாம் மாதமே அடி கருகி, சுவிட்ச் தானாக விழத் தொடங்கியது. பில்லை அம்மா கவனமாகக் குசினித் தட்டில், அடுப்புக்கு மேலே, டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். ஓர் எழுத்துக் கூட இல்லை. இப்போது கடைகளில் தரும் வழுவழுப்பான தாளில் எழுத்து வருவதே சூட்டினால்தான். பிறகு சூடு பட்டாலும், வெயில் பட்டாலும் அந்த எழுத்து மங்கிப் போய்விடும். எங்கள் ஊர் வெயிலுக்குப் பர்சில் வைத்தாலே போதும். கடைக்காரர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அன்றிலிருந்து கடை வாசலைத் தாண்டுமுன் பில்லைப் போனில் படம் எடுத்துவிடுகிறேன். வொரண்டி அட்டை தந்தால் அதில் திகதியும் முத்திரையும் போட வைத்து, அதையும் எடுங்கள்.

"விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களே?

பலர் இந்த ஒரு வரியைப் பார்த்ததுமே சரி, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகத் தேவையில்லை.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். சட்டையின் நிறம் வீட்டுக்குப் போன பிறகு பிடிக்கவில்லை, மகளுக்கு வேறு டிசைன் வேண்டுமாம் என்றால், அதை மாற்றித் தருவது கடைக்காரரின் நல்ல மனது. சட்டப்படி வற்புறுத்த முடியாது. ஆனால் பொருளிலேயே பழுது என்றால் கதை வேறு. விற்கும் பொருள் அதற்குரிய வேலையைச் செய்யும் என்ற உத்தரவாதம் விற்பனையோடு சேர்ந்தே வருகிறது. வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இந்தக் கருத்து இருக்கிறது. எழுத்தில் நிபந்தனை போட்டுப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வதைக் கட்டுப்படுத்த 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டமும் இருக்கிறது. ஆகவே ஓடாத ஃபேனைக் கொண்டுபோய் வைத்தால், பில்லின் அடியில் உள்ள அந்தச் சின்ன எழுத்தைக் காட்டி உங்களை அனுப்பிவிட முடியாது.

அதிகார சபை உங்கள் முறைப்பாட்டை 13ஆம் பிரிவின் கீழ் விசாரித்தால், நட்டஈடு தரவோ, பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ கட்டளையிடலாம். வியாபாரி அதையும் மதிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப் பணம் அறவிடுவது போல அறவிட வழி இருக்கிறது.

அதற்கு எவ்வளவு காலம் இருக்கிறது?

3 மாதம். பொருளை வாங்கிய நாளிலிருந்து கணக்கு. எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் தோற்பது நியாயம் இல்லாததால் அல்ல, நாள் கடந்து போனதால். "அடுத்த கிழமை வாங்கோ, கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம், பார்ட்ஸ் வரேல்ல" என்று கடையில் இழுத்துக்கொண்டே போவார்கள். அவர் நல்ல மனதோடு சொல்லலாம், இழுத்தடிக்கவும் சொல்லலாம். எதுவானாலும் நாள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பிறகு கடைக்காரர் சரிசெய்து தந்தால் சந்தோஷம், முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொள்ளலாம்.

எங்கே கொடுப்பது? சிங்களத்தில் எழுத வேண்டுமா?

மாவட்டச் செயலகத்தில், அதாவது நாம் கச்சேரி என்று சொல்லும் இடத்தில், அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தைக் கேட்டுப் போங்கள். தொலைபேசியில் 1977.

தமிழில் எழுதுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் அதுதான். தமிழில் கொடுத்த கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. ஒரு வயதான ஐயா "எனக்குச் சிங்களம் வராது தம்பி, அதுதான் விட்டிட்டன்" என்று சொன்னபோது எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது. 2 இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பிரிஜ்ஜை அவர் அந்த ஒரு காரணத்துக்காகக் கைவிட்டிருந்தார்.

கடற்கரையில் தண்ணீர்ப் போத்தலுக்கு 150 கேட்கிறார்கள். சோடாவுக்கு "கூலிங்" காசு வேறு. இது சரியா?

சரியில்லை. பொருளின் மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்திருந்தால் அதற்கு மேல் ஒரு ரூபா கூட வாங்கக் கூடாது. பிரிஜ்ஜில் வைத்ததற்கு, கரண்ட் பில் கூடியதற்கு என்று தனிக் காசு கிடையாது. தண்ணீருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் அரசே உச்ச விலை வைத்தது: 500 மில்லி லீற்றர் போத்தல் 70 ரூபா, 1 லீற்றர் 100 ரூபா, ஒன்றரை லீற்றர் 130 ரூபா. நிலாவெளியில் சீசன் நேரம் என்றாலும், கோணேசர் கோயில் ஏற்றத்தில் வெயில் கொளுத்தினாலும், புறாத் தீவுக்குப் படகு ஏறும் இடம் என்றாலும் விலை அதேதான்.

அரிசிக்கும் இப்படித்தான். 2024 டிசம்பரில் உள்ளூர் அரிசிக்குச் சில்லறை உச்ச விலை வைத்தார்கள்: பச்சை அரிசி கிலோ 220, நாடு 230, சம்பா 240, கீரிச் சம்பா 260. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயலைச் சுற்றி வைத்துக்கொண்டே நாங்கள் இதற்கு மேல் கொடுத்து வாங்கிய நாட்கள் உண்டு. உச்ச விலைகள் வர்த்தமானியில் மாறிக்கொண்டிருப்பவை. முறைப்பாடு செய்யுமுன் 1977க்கு எடுத்து அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டப் பணம் சின்னதல்ல. 2021இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, உச்ச விலையை மீறும் தனி ஆளுக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை, கொம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை. ஆனால் அந்தக் காசு அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் காசு திரும்ப வேண்டுமென்றால் மேலே சொன்ன எழுத்து முறைப்பாடுதான் வழி.

கொப்பிக் கணக்கில் வாங்குகிறோம். கடனுக்குத் தருவதால் பால்மாவுக்கு 50 ரூபா கூடப் போடுகிறார். என்ன செய்ய?

குச்சவெளிப் பக்கம் ஓர் அக்கா இதைக் கேட்டார். மாரியில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது, கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கடைக்காரரின் கொப்பியால்தான்.

சட்டத்தைக் கேட்டால் பதில் நேரானது. அச்சடித்த உச்ச விலை கைக்காசுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று என்று இல்லை. ஆனால் அந்த அக்காவிடம் "1977க்கு அடியுங்கோ" என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடை மூடினால் வாற மாரிக்கு யார் கொடுப்பார்? நான் சொன்னது இதுதான்: நீங்களும் வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு முறையும் சாமான், பக்கெட்டில் உள்ள விலை, அவர் போட்ட விலை மூன்றையும் எழுதுங்கள். மாத முடிவில் இரண்டு கொப்பியையும் அருகருகே வைத்துப் பேசுங்கள். அவர் ஒரு மாதம் எழுதினார். இருபத்தேழு வரிகளில் ஒன்பது வரிக்கு விலை கூட. கடைக்காரர் பார்த்துவிட்டு முதலில் முகம் சுழித்தார், பிறகு ஆறு வரிகளைத் திருத்தினார். கணக்கை நீங்களும் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே பாதி சரியாகிவிடும் என்பது என் அனுபவம். அதற்குப் பிறகும் கேட்கவில்லை என்றால், அந்தக் கொப்பியே உங்கள் சாட்சி.

தராசில் சந்தேகம் இருந்தால்?

வியாபாரத்துக்குப் பாவிக்கும் ஒவ்வொரு தராசையும் படியையும் வருடத்துக்கு ஒரு முறை சோதித்து முத்திரை போட வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பரிசோதகர்கள் இதைச் செய்கிறார்கள். முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீன் வாங்கும்போது சூரையின் கண்ணையும் பூவையும் (செவுளை) பார்ப்பதோடு தராசையும் பாருங்கள். மீன் வைக்குமுன் எண் பூச்சியத்தில் நிற்கிறதா? தட்டில் ஏற்கனவே தண்ணீர் ஊறிய பை கிடக்கிறதா? தட்டில் போட்ட கையோடு எடுத்துவிடாமல் எண் நிற்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். இரண்டு செக்கன்தான்.

பாணுக்கும் நிறை உண்டு. 2024 பெப்ரவரி முதல் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும். 450இல் 13.5 கிராம் வரை குறைவதைப் பொறுக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. சீனக்குடாவில் மா அரைக்கும் ஊர் நாங்கள். எங்களுக்கே காற்றடைத்த பாண் விற்றால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

திகதி முடிந்த பிஸ்கட், பூச்சி விழுந்த பருப்பு, சுத்தமில்லாத சாப்பாட்டுக் கடை?

இதற்கு வேகமான ஆள் பி.எச்.ஐ, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். பக்கெட்டைக் கோபத்தில் எறிந்துவிடாதீர்கள், அதுதான் சான்று. கட்டி பிரிஜ்ஜில் வையுங்கள். லேபலைக் கிழித்தோ அழித்தோ புதுத் திகதி ஒட்டியிருந்தால் அது தனிக் குற்றம், அதிகார சபைக்கும் சொல்லுங்கள்.

சாமான் அல்ல, வேலை. இன்ஜின் திருத்தக் கொடுத்தேன், இரண்டாம் நாளே கடலில் நின்றுவிட்டது. இதற்கும் சட்டம் உண்டா?

உண்டு. காசுக்குச் செய்யும் எந்த வேலையையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், போடும் பாகங்கள் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவு சொல்கிறது. வள்ளத்தின் இன்ஜின், தையல், ஏ.சி பூட்டுவது, கலியாண மண்டபம் எல்லாம் இதற்குள் வரும். "நான் தொழிலுக்குப் பாவிக்கிறேன், நான் பாவனையாளரா?" என்று கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டார். சட்டம் பாவனையாளர் என்பதைப் பரந்த அர்த்தத்தில் வைத்திருக்கிறது. காசுக்குக் கிடைக்கும் பொருளையோ சேவையையோ பயன்படுத்துகிறவர் எல்லோரும் பாவனையாளர்தான். பரிசாக வந்த பொருளைப் பாவிப்பவரும் அதில் அடக்கம்.

வேலை கொடுக்குமுன் என்ன மாற்றப் போகிறார், எவ்வளவு எடுப்பார் என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு எடுங்கள்.

போன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

*#06# என்று அடித்தால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ (IMEI) எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். காசு கொடுக்குமுன், கடையில் நின்றபடியே இதைச் செய்யுங்கள். சிக்னல், டேட்டா, போன் பில் முறைப்பாடு என்றால் முதலில் கொம்பனி, அங்கே சரிவராவிட்டால் ஆணைக்குழுவின் 1900.

முகநூலில் பார்த்து ஓடர் பண்ணினேன். வந்தது வேறு பொருள்.

இதில் கஷ்டம் சட்டத்தில் இல்லை, ஆளைக் கண்டுபிடிப்பதில். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதை 30ஆம், 31ஆம் பிரிவுகள் தடுக்கின்றன, அது ஒன்லைனுக்கும் பொருந்தும். ஆனால் பக்கத்தின் பெயரும் ஒரு வட்ஸ்அப் இலக்கமும் மட்டும் உள்ள ஆளுக்கு யார் கடிதம் அனுப்புவது? ஆகவே விலாசமும் நிரந்தரத் தொலைபேசியும் இல்லாத பக்கத்தில் முற்பணம் அனுப்பாதீர்கள். விளம்பரத்தையும் பேசியதையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், பக்கத்தை நாளைக்கே அழித்துவிடுவார்கள். பார்சலைப் பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள், மேலே ஒட்டிய விலாசம் தெரியத் தொடங்கி உள்ளே உள்ள பொருள் வரை.

கார்ட்டில் கொடுத்தால் 3 வீதம் கூடக் கேட்கிறார்கள்.

கொடுக்கத் தேவையில்லை. அந்தக் கட்டணம் கடைக்கும் வங்கிக்கும் இடையிலானது, வாடிக்கையாளர் தலையில் போடக் கூடாது. பில்லோடு உங்கள் வங்கிக்கு எழுதுங்கள்.

வீடு தேடி வந்து லோன் தருகிறார்கள். கிழமைக் கட்டணம் தவறினால் வாசலில் வந்து சத்தம் போடுகிறார்கள்.

இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை சும்மா இருப்பதில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு 1 இலட்சம் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முடிவெடுத்தபோது, அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருந்தது. அந்த அளவுக்கு நிலைமை போயிருந்தது.

கையெழுத்து வைக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? வருட வட்டி எத்தனை வீதம்? ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி எங்கே? "பிறகு தாறம்" என்றால் கையெழுத்தும் பிறகு. உரிமம் பெற்ற நிறுவனமா என்று இலங்கை மத்திய வங்கியிடம் கேட்கலாம், திருகோணமலையிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வங்கி, லீசிங், நிதி நிறுவன முறைப்பாடுகளுக்கு 1935. மிரட்டல், தூஷண வார்த்தை, இரவில் வீட்டுக்கு வருவது என்றால் அது கடன் விஷயம் அல்ல, பொலிஸ் விஷயம். கடன்காரி என்பதற்காக யாரும் உங்கள் வாசலில் நின்று கத்த உரிமை பெறுவதில்லை.

"இரண்டு பேரைச் சேர்த்தால் காசு வரும்" என்று சொல்லும் திட்டம் பிரமிட். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி அது குற்றம். சொந்தக்காரர் வந்து கேட்டாலும் சேராதீர்கள்.

"சாமான் இல்லை" என்கிறார், ஆனால் பின்னால் அடுக்கியிருக்கிறது.

இருப்பதை இல்லை என்று சொல்வதும், விற்க மறுப்பதும், பதுக்குவதும் 15 முதல் 17ஆம் பிரிவு வரை தனித்தனிக் குற்றங்கள். "இதையும் சேர்த்து வாங்கினால்தான் தருவேன்" என்று நிபந்தனை போடுவதும் அப்படியே. 2022இல் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உடனே 1977.

தெரிந்தவருடைய கடை. முறைப்பாடு செய்தால் ஊரில் பகை வராதா?

வரலாம். சின்ன ஊர், கோயில் திருவிழாவிலும் பள்ளிவாசல் வாசலிலும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அதனால் முதலில் கடைக்குப் போய்த் தன்மையாகப் பேசுங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில். அங்கே முடியாவிட்டால் மத்தியஸ்த சபை ஒரு நல்ல வழி. இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்திப் பேசுவார்கள், சட்டத்தரணி தேவையில்லை. விலை கூட்டி விற்பது, திகதி முடிந்ததை விற்பது போன்றவற்றுக்கு 1977இல் தகவல் மட்டும் சொல்லலாம். பரிசோதகர்கள் சாதாரண ஆட்கள் போல வந்து வாங்கிப் பார்ப்பார்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். கோபத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா/அம்மணி, மே மாதம் 4ஆம் திகதி இக்கடையில் 18,500 ரூபாவுக்கு ஒரு மின்விசிறி வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதி இணைப்பு 1. ஜூன் 10ஆம் திகதி முதல் அது சுற்றவில்லை. ஜூன் 12ஆம், 20ஆம் திகதிகளில் கடைக்குக் கொண்டு சென்றேன். திருத்தித் தரவும் இல்லை, மாற்றித் தரவும் இல்லை. எனக்கு வேறு மின்விசிறி அல்லது செலுத்திய பணம் வேண்டும். தயவுசெய்து விசாரித்துத் தரவும்."

கீழே பெயர், விலாசம், தொலைபேசி, திகதி, கையொப்பம். மூலப் பில்லைக் கொடுத்துவிடாதீர்கள், பிரதியை மட்டும் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால் துண்டை வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது?" என்று அதே அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். அப்போது அந்த முத்திரை குத்திய பிரதி தேவைப்படும்.